ஜிகேம்ப் மினுங்கினால் நியூரான் ஃபயர் ஆனது என்று எழுதலாமா?

வயல்நண்டு — செவ்வாய், இரவு 10.42

எல்லோருக்கும் வணக்கம். எலக்ட்ரானிக்ஸ் படித்துவிட்டு மூளை ஆய்வுக்குள் வந்து எட்டு மாதம் ஆகிறது. சுண்டெலியின் பார்வைப் புறணியில் (மூளையின் மேலடுக்கில் காட்சியைக் கையாளும் பகுதி), மரபணுவைச் செல்லுக்குள் கொண்டுபோகும் ஏஏவி வைரஸ் வழியாக ஜிகேம்ப்6எஸ் (கால்சியம் கூடினால் ஒளிரும் புரத சென்சார்) ஏற்றி, டூ-ஃபோட்டான் மைக்ரோஸ்கோப்பில் நொடிக்கு 30 படம் எடுக்கிறேன். எலி ஒரு பந்தின் மேல் நிற்கும், விருப்பப்பட்டால் ஓடும். எதிரே திரையில் கோடுகள் நகரும்.

என் சிக்கல் இதுதான். எலி ஓட ஆரம்பித்தவுடன் கிட்டத்தட்ட எல்லா செல்லும் சேர்ந்து ஒளிர்கின்றன. மொத்தம் 214 செல். "ஓடும்போது நியூரான்கள் ஒரே நேரத்தில் ஃபயர் ஆகின்றன" என்று ஸ்லைடில் எழுதினேன். குழுக் கூட்டத்தில் ஒரு சீனியர், "நீ பார்த்தது கால்சியம், ஸ்பைக் இல்லை" என்று ஒரே வரி சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். திரும்பி வரவே இல்லை.

ஸ்பைக் (நியூரான் ஃபயர் ஆகும்போது வரும் மின்துடிப்பு) வந்தால் கால்சியம் உள்ளே வருகிறது, கால்சியம் வந்தால் ஒளி கூடுகிறது. அப்படியென்றால் நான் பார்ப்பது ஆர்சி சர்க்யூட்டில் லோ-பாஸ் ஆன, அதாவது வேகமான அசைவு மழுங்கிப்போன ஸ்பைக்தானே? தலைகீழாகக் கணக்குப் போட்டால் ஸ்பைக் கிடைத்துவிடாதா? எங்கே தப்பு செய்கிறேன்?

மின்முனை — செவ்வாய், இரவு 11.15

உங்கள் சீனியர் சொன்னது சரி. டீ குடிக்கப் போனதுதான் தப்பு.

ஸ்பைக் என்பது 1 மில்லிசெகண்ட் சமாச்சாரம். ஜிகேம்ப்6எஸ் ஒரே ஒரு ஸ்பைக்குக்கு உச்சம் தொடவே 180 மில்லிசெகண்ட் அளவுக்கு எடுத்துக்கொள்ளும், அப்புறம் பாதியாக இறங்க இன்னும் அரை நொடிக்கு மேல். இன்னொரு வகையான ஜிகேம்ப்6எஃப் கொஞ்சம் சுறுசுறுப்பு. 45 மில்லிசெகண்டில் ஏறி, 140 வாக்கில் பாதி இறங்கிவிடும். இரண்டும் 2013-இல் வெளிவந்த அறிமுகக் கட்டுரையிலேயே, எலியின் பார்வைப் புறணியில் அளந்த கணக்கு. கோயில் மணியை ஒருவன் விடாமல் அடிக்கிறான், நீங்கள் தெருக்கோடியில் நின்று ரீங்காரத்தை மட்டும் கேட்கிறீர்கள். அடித்தான் என்று தெரியும். எத்தனை அடி?

ஆர்சி சர்க்யூட் உவமையில் இன்னொரு ஓட்டை. ஆர்சி லீனியர் (உள்ளே இரட்டிப்பானால் வெளியேயும் இரட்டிப்பு), இது இல்லை. சென்சாருக்குள் இருக்கும் கால்மோடுலின் என்ற புரதத்தில் கால்சியம் உட்கார நான்கு இடம். ஒன்று உட்கார்ந்தால் அடுத்ததற்கு வழி விடும். அதனால் ஒற்றை ஸ்பைக்குக்கு ஒளி லேசாகத்தான் அசையும். நான்கைந்து ஸ்பைக் கொத்தாக வந்தால் நான்கைந்து மடங்குக்கும் மேலே எகிறும். இன்னும் வந்தால் நிறைந்துபோய் அப்படியே நிற்கும். ஒளியைத் திருப்பிக் கணக்கிட்டு ஸ்பைக் எடுக்கும் மென்பொருள்கள் இருக்கின்றன, நானும் ஓட்டியிருக்கிறேன். அவை தருவது ஊகம். மின்முனை வைத்து அதே செல்லில் சரிபார்க்காதவரை அதன் பெயர் ஊகம்தான்.

உப்புக்காற்று — புதன், காலை 6.05

தம்பி, நான் உயிர்வேதியியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவன். மைக்ரோஸ்கோப் பக்கம் எனக்கு வேலை இல்லை. ஆனால் இந்த சென்சாரின் பிறப்பு தெரிந்தால் அதன் குணமும் விளங்கும் என்று தோன்றுவதால் எழுதுகிறேன். நீளமாகப் போனால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

1961 கோடையில் ஒசாமு ஷிமோமுரா அமெரிக்காவின் மேற்குக் கரையில் ஃப்ரைடே ஹார்பர் என்ற ஊரில் ஒரு ஜெல்லி மீனைப் பிடித்துக்கொண்டிருந்தார். நம் கடற்கரைக்காரர்கள் சொறி என்பார்களே, அந்த இனம்தான். அதன் விளிம்பு ஏன் ஒளிர்கிறது என்பது கேள்வி. ஒளிரும் பொருளைப் பிரித்தெடுத்துப் பார்த்தால் மங்கலாகத்தான் இருந்தது. சரி போகட்டும் என்று கழுவுதொட்டியில் ஊற்றினார். பளிச்சென்று நீல வெளிச்சம். மீன்தொட்டியிலிருந்து வழிந்த கடல்நீர் அந்தக் கழுவுதொட்டிக்குள் விழுந்துகொண்டிருந்ததாம். கடல்நீரில் இருக்கும் கால்சியம்தான் விளக்கை ஏற்றியது என்று அப்படித்தான் தெரிந்தது. அந்தக் கோடையில் அவர்கள் பிடித்தது சுமார் 10,000 ஜெல்லி மீன். கிடைத்த புரதத்துக்கு ஏக்வோரின் என்று பெயர், கட்டுரை 1962-இல் வந்தது. கூடவே ஒட்டிக்கொண்டு வந்த இன்னொரு பச்சைப் புரதத்தை அப்போது யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அதுதான் ஜிஎஃப்பி.

1967-இல் ரிட்ஜ்வேயும் ஆஷ்லியும் பார்னக்கிள் என்ற கடலுயிரின் தசைநாருக்குள் ஏக்வோரினை ஊசியால் ஏற்றி, தசை சுருங்கும்போது கால்சியம் ஏறுவதைக் கண்டார்கள். ஒவ்வொரு செல்லுக்கும் ஊசி! 80-களில் ரோஜர் சியென் செயற்கைச் சாயங்கள் செய்தார். 1985-இல் வந்த ஃபுரா-2 இன்றும் பல ஆய்வகங்களின் குளிர்பெட்டியில் இருக்கும். சாயத்தின் வாலில் எஸ்டர் மாட்டிவிட்டால் அது தானாகச் செல்லுக்குள் போய், அங்கே வால் வெட்டுப்பட்டு வெளியே வர முடியாமல் மாட்டிக்கொள்ளும். நல்ல தந்திரம். ஆனால் எல்லா வகைச் செல்லிலும் ஏறும், சில மணி நேரத்தில் போய்விடும். நாளைக்கு அதே செல்லைப் பார்க்க முடியாது.

மரபணுவாகவே கொடுத்துவிட்டால் இந்த இரண்டு குறையும் போச்சு. அதற்கு ஜிஎஃப்பியின் மரபணு வேண்டும். அதை 1992-இல் பிரித்துத் தந்தவர் டக்ளஸ் ப்ராஷர். அவருக்கு நிதி நின்றுபோனது. மரபணுவை மார்ட்டின் சால்ஃபிக்கும் சியெனுக்கும் அனுப்பி வைத்தார். 2008-இல் ஷிமோமுரா, சால்ஃபி, சியென் மூவருக்கும் வேதியியல் நோபல் கிடைத்தபோது ப்ராஷர் அலபாமாவில் ஒரு கார் விற்பனையகத்தில் வேன் ஓட்டிக்கொண்டிருந்தார். (வகுப்பில் இதைச் சொன்னால் பின்வரிசை கூட நிமிர்ந்து உட்காரும்.)

வயல்நண்டு — புதன், காலை 9.20

ஐயா, மிக்க நன்றி. கழுவுதொட்டிக் கதையை இதுவரை யாரும் எனக்குச் சொன்னதில்லை. ஆனால் ஜிஎஃப்பி எப்போதும் ஒளிர்கிற புரதம்தானே, கால்சியத்தைப் பற்றி அதற்குக் கவலையே இல்லையே? அதை எப்படி சென்சார் ஆக்கினார்கள்? கட்டுரைகளில் "வட்ட மாற்றமைப்பு" என்று வருகிறது. மூன்று முறை படித்தும் மண்டையில் ஏறவில்லை.

உப்புக்காற்று — புதன், மாலை 5.40

வீட்டில் அரிக்கேன் விளக்கு இருந்திருந்தால் இது சுலபம். ஜிஎஃப்பி ஒரு பீப்பாய், 11 இழைகள் சுற்றி நிற்கும் சுவர். நடுவில் ஒளிரும் பகுதி, திரி மாதிரி. கண்ணாடி முழுசாக இருக்கும்வரை திரி நின்று எரியும். கண்ணாடியில் ஓட்டை விழுந்தால் காற்று புகுந்து மங்கும். இங்கே காற்றுக்குப் பதில் தண்ணீரும் புரோட்டானும். திரியில் புரோட்டான் ஒட்டினால் நீங்கள் போடும் நீல ஒளியை அது வாங்காது.

இப்போது வளையல். புரதம் ஒரு நீள இழை, அதற்கு இரண்டு முனை. அந்த இரண்டு முனையையும் ஒரு சிறு துண்டால் இணைத்துவிட்டால் வளையல் ஆகிவிடும். பிறகு வேறோர் இடத்தில், சரியாகத் திரிக்குப் பக்கத்துச் சுவரில், வெட்டித் திறக்கிறீர்கள். வட்ட மாற்றமைப்பு என்பது இவ்வளவுதான். புதிய முனைகள் ஓட்டையின் இரு கரையில் நிற்கும். ஒரு முனையில் எம்13 என்ற பெப்டைடு, தசை நொதி ஒன்றிலிருந்து எடுத்த துண்டு. மறுமுனையில் கால்மோடுலின். கால்சியம் வந்தால் கால்மோடுலின் எம்13-ஐக் கையால் பிடிப்பது போல் சுற்றிக்கொள்ளும், ஓட்டை அடைபடும், திரி பளிச்சென்று எரியும். கால்சியம் போனால் கை விடும்.

ஜூனிச்சி நகாயும் கூட்டாளிகளும் ஜப்பானில் இதை 2001-இல் வெளியிட்டார்கள். அதற்கு முன் 1997-இல் மியாவாகியும் சியெனும் கேமலியான் செய்திருந்தார்கள். அது இரண்டு வண்ணப் புரதங்களுக்கு நடுவே கால்மோடுலினை வைத்து, நிற மாற்றத்தை அளப்பது. பெயரே பச்சோந்தியை வைத்துச் செய்த சிலேடை. நகாயின் முதல் ஜிகேம்புக்கும் ஒரு குறை இருந்தது. பாலூட்டியின் 37 டிகிரி உடற்சூட்டில் சரியாக மடியாமல் மங்கிப்போகும். 2006-இன் ஜிகேம்ப்2, 2009-இன் ஜிகேம்ப்3, 2012-இன் 5, 2013-இன் 6 என்று ஒவ்வொரு எண்ணும் அமினோ அமிலங்களை மாற்றி மாற்றிச் சோதித்த உழைப்பு. 3 முதல் பெரும்பகுதி அமெரிக்காவின் ஜனேலியா ஆய்வு வளாகத்தில் நடந்தது.

கண்ணாடித்துண்டு — புதன், இரவு 8.02

அரிக்கேன் விளக்கு அருமை. அதிலேயே இன்னொரு எச்சரிக்கையும் ஒளிந்திருக்கிறது: புரோட்டான்தான் விவகாரம் என்றால், செல்லுக்குள் பிஎச் (அமிலத்தன்மை) மாறினாலும் ஒளி மாறும். கால்சியம் அசையாமலேயே.

சரி, வயல்நண்டின் 214 செல்லுக்கு வருவோம். எல்லாம் சேர்ந்து ஒளிர்கிறது என்று யாராவது சொன்னால் எனக்கு முதலில் வருவது சந்தேகம். இரண்டு காரணம்.

முதலாவது நியூரோபில். நீங்கள் செல் என்று வட்டம் போட்ட இடத்தில் அந்த செல் மட்டும் இல்லை. மேலும் கீழும் ஆயிரக்கணக்கான இழைகள் ஓடுகின்றன, எல்லாவற்றிலும் ஜிகேம்ப் இருக்கிறது. டூ-ஃபோட்டான் ஆழத்தில் நன்றாகப் பிரிக்கும்தான், ஆனாலும் சில மைக்ரான் தடிமனுக்கு எல்லாம் கலந்தே வரும். செல்லைச் சுற்றி ஒரு வளையம் போட்டு அதன் ஒளியை 0.7-ஆல் பெருக்கிக் கழிப்பது வழக்கம். ஜிகேம்ப்6 கட்டுரையிலும் 0.7-தான், சூட்2பி மென்பொருள் தானாக எடுத்துக்கொள்வதும் 0.7-தான். அது வேதவாக்கு இல்லை. கழித்தீர்களா?

இரண்டாவது, எலி ஓடினால் மூளை ஆடும். பக்கவாட்டு ஆட்டத்தை மென்பொருள் சரிசெய்யும். மேலும் கீழுமான ஆட்டத்தை ஒரே தளத்தில் எடுத்த படத்திலிருந்து மீட்க முடியாது. ரத்தக் குழாய் விரிந்தாலும் வெளிச்சம் மாறும்.

செய்ய வேண்டியது ஒன்று: வெறும் ஜிஎஃப்பி மட்டும் உள்ள எலியை அதே பந்தில் ஓடவிட்டு அதே மாதிரி படம் எடுங்கள். அதற்குக் கால்சியம் தெரியாது. அங்கேயும் ஓட்டத்தோடு ஒளி அசைந்தால், அந்த அசைவு முழுக்கப் பொய்.

வரிமீன் — புதன், இரவு 9.30

மின்முனை அண்ணன் வழக்கம்போல ஸ்பைக்கை மட்டும் தெய்வமாகக் கும்பிடுகிறார். என் பங்குக்கு ஒரு எதிர்க்குரல்.

நான் ஜீப்ராஃபிஷ் குஞ்சுகளோடு வேலை செய்கிறேன். 2013-இல் ஜனேலியாவில் ஆரென்சும் கெல்லரும் ஜிகேம்ப்5ஜி உள்ள குஞ்சின் மூளை முழுவதையும் ஒளித்தாள் மைக்ரோஸ்கோப்பால் 1.3 நொடிக்கு ஒரு தடவை படம் எடுத்தார்கள். சுமார் 1,00,000 நியூரான், அதில் 80 சதவீதத்துக்கு மேல் தனித்தனி செல்லாகத் தெரிந்தது. உலகத்தில் எந்த மின்முனை அதைச் செய்யும்? 1.3 நொடி மெதுவா? ஆமாம், மெதுவுதான். ஆனால் மூளையின் எந்த மூலை எதோடு சேர்ந்து விழிக்கிறது என்ற கேள்விக்கு அது போதும்.

இன்னொன்று. சி. எலிகன்ஸ் புழுவுக்கு 302 நியூரான். பெரும்பாலானவை நாம் பாடத்தில் படித்த சோடியம் ஸ்பைக்கே போடுவதில்லை. அங்கே கால்சியத்தை ஸ்பைக்கின் நிழல் என்று எப்படிச் சொல்வீர்கள்? நிழலுக்கு ஆளே இல்லையே.

மின்முனை — புதன், இரவு 10.11

புழுவில் ஒப்புக்கொள்கிறேன். எலியின் புறணியில் ஆள் இருக்கிறான், ஐயா.

எலிக்குள்ளேயே செல்லுக்குச் செல் கணக்கு மாறும். பார்வால்புமின் உள்ள தடுப்பு நியூரான்கள் படுவேகமாக ஃபயர் ஆகும். ஆனால் அந்தப் பார்வால்புமினே கால்சியத்தை உறிஞ்சும் புரதம், ஆகவே ஜிகேம்ப் ஒளி அங்கே சின்னதாகத்தான் தெரியும். ஒளியை மட்டும் பார்ப்பவன் அதிகம் உழைக்கிறவனைச் சோம்பேறி என்று எழுதிவிடுவான். கால்சியம் உள்ளே வருவதற்கு ஸ்பைக் திறக்கும் வாசல் மட்டும்தான் வழி என்றும் இல்லை. சினாப்சில் (நியூரான்கள் சந்திக்கும் இடம்) உள்ள என்எம்டிஏ ஏற்பிகள் வழியாகவும், செல்லின் உள் கிடங்கிலிருந்தும் வரும். ஓய்வில் இருக்கும் நியூரானுக்குள் கால்சியம் 50 முதல் 100 நானோமோலார், வெளியே 1 முதல் 2 மில்லிமோலார். பத்தாயிரம் மடங்குக்கு மேல் அழுத்தம் நிற்கிற அணை அது, எந்தக் கதவு திறந்தாலும் தண்ணீர் வரும்.

வயல்நண்டுக்கு ஆறுதலாக ஒன்று. நீல்லும் ஸ்ட்ரைக்கரும் 2010-இல் மின்முனை வைத்தே காட்டியது: எலி ஓடும்போது பார்வைப் புறணியில் காட்சிக்கு வரும் பதில் இரண்டு மடங்குக்கு மேல் கூடுகிறது. ஸ்பைக் கணக்கில். ஆக நீங்கள் பார்த்ததில் உண்மையும் இருக்கலாம், ஆட்டமும் இருக்கலாம், பக்கத்து இழையின் வெளிச்சமும் இருக்கலாம். பிரித்துத்தான் பார்க்க வேண்டும்.

வயல்நண்டு — வெள்ளி, இரவு 11.50

நியூரோபில் கழித்திருந்தேன், 0.7. எங்கள் ஆய்வகத்தில் பழைய ஜிஎஃப்பி எலி ஒன்று இருந்தது. இன்று அதைப் பந்தில் ஏற்றினேன். ஒரு மணி நேரம் அசையவே இல்லை, பிறகு ஓடியது. கண்ணாடித்துண்டு சொன்னது நடந்தது: ஓட்டம் தொடங்கும் நொடியில் நிறைய செல்களில் ஒளி குதிக்கிறது. ஆனால் ஒரு வித்தியாசம். ஜிஎஃப்பி எலியில் பாதி செல் ஏறுகிறது, பாதி இறங்குகிறது, ஓட்டம் நின்றதும் உடனே பழைய இடத்துக்கு வந்துவிடுகிறது. ஜிகேம்ப் எலியில் எல்லாம் மேலே மட்டும் போகின்றன, ஓட்டம் நின்ற பிறகும் மெதுவாகத்தான் இறங்குகின்றன.

இன்னொரு விஷயம் இன்றுதான் கண்ணில் பட்டது. என் செல்களில் சில மெதுவடை மாதிரி நடுவில் இருட்டாக இருக்கின்றன. சில நடுவிலும் நிரம்பி, முழு உருண்டையாகப் பளீரென்று இருக்கின்றன. பளீரென்று இருப்பவைதான் நல்ல செல் என்று நினைத்து முதலில் அவற்றைத்தான் தேர்ந்தெடுத்தேன். ஊசி போட்டு 11 வாரம் ஆகிறது.

கண்ணாடித்துண்டு — சனி, காலை 7.15

ஐயோ. அந்த உருண்டைகளைத் தூக்கி எறியுங்கள்.

மெதுவடைதான் ஆரோக்கியம். ஜிகேம்ப் செல்லின் கருவுக்குள் (நியூக்ளியஸ்) போகாமல் வெளியே நிற்க வேண்டும். வைரஸ் செல்லுக்குள் உட்கார்ந்து வாரக்கணக்கில் புரதம் செய்துகொண்டே இருக்கும். அளவு மீறினால் கருவுக்குள்ளும் நிரம்பும். அப்படி நிரம்பிய செல்லின் பதில் மந்தமாகிவிடும், அடிநிலை ஒளி மட்டும் ஏறிக்கொண்டே போகும். ஊசி போட்டு மூன்று வாரத்தில் தொடங்கி சில வாரங்களுக்குள் படம் எடுத்து முடிப்பது அதனால்தான். 11 வாரம் அதிகம்.

வரிமீன் — சனி, காலை 10.40

குழப்ப மாட்டேன் என்று இருந்தேன், முடியவில்லை. மீன்காரர்கள் நாங்கள் வேண்டுமென்றே ஜிகேம்பைக் கருவுக்குள் அனுப்புகிறோம். கருவில் இருக்கும் எச்2பி என்ற ஹிஸ்டோன் புரதத்தோடு கட்டிவிட்டால் கரு மட்டும் ஒளிரும், செல்களைத் தனித்தனியாக எண்ணுவது எளிது, நியூரோபில் தொல்லையும் இல்லை. விலை என்னவென்றால் ஒளி இன்னும் மெதுவாகும்.

ஆனால் அது கட்டுப்பாட்டோடு அனுப்புவது. உங்கள் எலியில் நடந்தது வழிந்து உள்ளே போனது. ஒன்று விருந்தாளி, மற்றது வெள்ளம்.

உப்புக்காற்று — சனி, மாலை 6.20

வழிவதில் என்ன கெடுதல் என்று ஒரு வார்த்தை. ஜிகேம்பின் பாதி உடம்பு கால்மோடுலின். செல்லுக்கென்று சொந்தமாகவும் கால்மோடுலின் உண்டு, எத்தனையோ கதவுகளையும் நொதிகளையும் அது கட்டுப்படுத்துகிறது. நீங்கள் வெளியிலிருந்து கொட்டும் கால்மோடுலின் அங்கேயும் போய்க் கை வைக்கும். 2018-இல் சீனக் குழு ஒன்று இதைத்தான் காட்டியது: ஜிகேம்ப் எல்-வகைக் கால்சியம் கதவுகளின் வேலையில் குறுக்கிடுகிறது. அதைத் தடுக்க, சென்சாரின் கால்மோடுலினுக்குச் சும்மா இருக்கும்போது பிடித்துக்கொள்ள இன்னொரு துண்டைச் சேர்த்து ஜிகேம்ப்-எக்ஸ் என்று செய்தார்கள். கால்மோடுலினே வேண்டாம் என்று தசையின் ட்ரோபோனின்-சியை வைத்துச் செய்த சென்சார் வரிசையும் உண்டு.

அளக்கும் கருவியே கால்சியத்தைப் பிடித்து வைத்துக்கொள்கிறது என்பதையும் மறக்க வேண்டாம். படியில் ஒட்டிக்கொள்ளும் அரிசி மாதிரி.

மின்முனை — சனி, இரவு 8.55

"எல்லாம் சேர்ந்து ஒளிர்கிறது" என்பதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது, சொல்ல மறந்தேன். 2017-இல் பல ஆய்வகங்கள் சேர்ந்து எழுதிய கட்டுரை: ஜிகேம்ப்6-ஐப் பிறப்பிலிருந்தே கொண்ட சில எலி வகைகளில், புறணி முழுக்க ஒரே நேரத்தில் வெட்டி மறையும் பெரிய துடிப்புகள். வலிப்பு நோயில் இடையிடையே வருபவை போன்றவை. எலி பார்வைக்கு நன்றாகத்தான் இருக்கும். குட்டிப் பருவத்தில் டாக்சிசைக்ளின் கொடுத்து ஜிகேம்ப் உற்பத்தியை அடக்கி வைத்தால் அந்தத் துடிப்புகள் வராமல் தடுக்க முடிந்தது. உங்களுடையது வைரஸ் முறை, எலி வகை வேறு. ஆனாலும் எலி ஓடாத நேரத்தில் எல்லாம் சேர்ந்து வெட்டுகிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

வயல்நண்டு — ஞாயிறு, பகல் 1.30

பார்த்தேன். ஓடாதபோது அப்படி எதுவும் இல்லை. உருண்டைகளை நீக்கினால் 214-இல் 131 மிஞ்சுகிறது. அவற்றிலும் ஓட்டத்தோடு ஒளி ஏறுகிறது, ஆனால் எல்லாவற்றிலும் இல்லை. சிலவற்றில் திரையில் கோடு நகரும்போது மட்டும். சேர்ந்து குதிப்பது என்று நான் பார்த்ததில் பாதி, வீங்கிப்போன செல்களின் வேலைதான் போல.

ஸ்லைடில் "ஃபயர் ஆகின்றன" என்பதை அடித்துவிட்டு "ஒளி கூடுகிறது" என்று மாற்றினேன். சீனியர் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொள்கிறேன்.

கடைசிக் கேள்வி. அடுத்த எலிக்கு ஜிகேம்ப்8 போடலாமா? ஏறுவதில் பாதித் தூரத்தை 2 மில்லிசெகண்டில் கடக்கிறது என்று போட்டிருக்கிறார்கள்.

கண்ணாடித்துண்டு — ஞாயிறு, பகல் 2.45

2023-இல் வந்தது, நல்ல சரக்கு. எம்13-க்குப் பதில் நைட்ரிக் ஆக்சைடு செய்யும் நொதி ஒன்றின் துண்டை வைத்திருக்கிறார்கள், அந்த வேகத்தில் அதற்கும் பங்கு உண்டு. ஆனால் நீங்கள் நொடிக்கு 30 படம் எடுக்கிறீர்கள், ஒரு படத்துக்கும் அடுத்ததற்கும் நடுவில் 33 மில்லிசெகண்ட். 2 மில்லிசெகண்டை எங்கே வைத்துப் பார்ப்பீர்கள்? சின்ன துடிப்பையும் பிடிக்கும் திறனுக்காக ஜிகேம்ப்8-இன் 8எம் அல்லது 8எஸ் வகையைப் போடலாம், அது நியாயம். வேகத்துக்காக என்றால் முதலில் மைக்ரோஸ்கோப்பை மாற்ற வேண்டும், அதற்கு உங்கள் வழிகாட்டியின் பட்ஜெட்டைக் கேளுங்கள்.

எதைப் போட்டாலும் வைரஸின் செறிவைக் குறைத்துப் போடுங்கள். முடிந்தால் கால்சியம் தெரியாத ஒரு சிவப்புப் புரதத்தையும் அதே செல்லில் ஏற்றுங்கள். ஆட்டம் இரண்டு நிறத்திலும் தெரியும், கால்சியம் பச்சையில் மட்டும்.

வயல்நண்டு — ஞாயிறு, இரவு 9.10

பட்ஜெட் கேட்டேன். சிரித்தார். 8எம், செறிவு பத்தில் ஒரு பங்கு, கூடவே சிவப்பு. வியாழக்கிழமை ஊசி. மூன்று வாரம் கழித்து இதே இழையில் படத்தோடு வருகிறேன்.

மின்முனை — ஞாயிறு, இரவு 9.14

வரும்போது ஒவ்வொரு செல்லின் ஒளி ஏறி இறங்கும் வரைகோட்டையும் தனித்தனியாகக் கொண்டு வாருங்கள். சராசரி எடுத்த படம் போட்டால் நானும் டீ குடிக்கப் போய்விடுவேன்.